கண்ணேணியும் தொங்குபலகையும்

சென்ற பள்ளி விடுமுறையின்போது என் தமக்கையின் மகன் யோங் பெங்கிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தான். பதினைந்து வயதுப் பிள்ளை, கோலாலம்பூரில் பயில்கிறான். அங்கே பெருங்கட்டடம் ஒன்றினுள் பாறைபோலச் சமைத்து நிறுத்தியுள்ள சுவரில் ஏறிப் பழகுவதில் அவனுக்குத் தீராத வேட்கை. வந்த அன்றைக்கே தன் பையிலிருந்த பொருள்களையெல்லாம் மேசைமேல் பரப்பினான். விளிம்பும் குழியும் செதுக்கிய மரப்பலகை ஒன்று, வெண்பொடி நிறைந்த சிறு பை, ஒட்டுத்துணிச் சுருள், விரல்களில் மாட்டி விரிக்கும் ரப்பர் வளையங்கள், கையில் வைத்துப் பிசைவதற்கான பசைக்கட்டி.

“மாமா, இதற்கெல்லாம் தமிழில் என்ன பெயர்?” என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்னும் செருக்கோடு வாய் திறந்தேன். பலகை என்றேன், பொடி என்றேன், அதற்குமேல் நா எழவில்லை. அவனுடைய இடக்கை நடுவிரலின் இடைமூட்டு சற்றே வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். “ஏறும்போது வலிக்கிறது, மாமா. இந்த வளையத்தைப் போட்டுப் பழகினால் சரியாகிவிடுமாம்” என்றான். அருகில் அமர்ந்திருந்த என் தாயார் ஒன்றும் சொல்லாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் தேடப் புகுந்த நான் அப்பொருள்களின் வரலாற்றையும் தேட வேண்டியவனானேன். பாறையில் ஏறுவதற்கு மனிதன் கண்ட கருவிகளின் வரலாறு மிக நீண்டது. ஏறுவதற்கென உடலைப் பழக்கும் கருவிகளின் வரலாறு அத்துணை நீண்டதன்று. ஏறிப் புண்பட்ட கையைத் தேற்றும் கருவிகளின் வரலாறோ நம் வாழ்நாளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள கால இடைவெளியைத்தான் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

யோங் பெங்கில் ஏறுவதற்கேற்ற செங்குத்துப் பாறை எதுவுமில்லை. ஜொகூரின் பத்து பகாட் மாவட்டத்தில், நெடுஞ்சாலையில் போவோர் இறங்கிப் பசியாறிச் செல்லும் ஊர் இது. நகரை விட்டு எத்திசையில் சென்றாலும் பால்மரமும் செம்பனையும்தாம். மலை பார்க்க வேண்டுமென்றால் வடமேற்கே சென்று, 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையைத்தான் பார்க்க வேண்டும். ஆயினும் இவ்வூரிலிருந்து பாறையேற்றத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது போகப் போக விளங்கும்.

தமிழர்க்குப் பாறையேற்றம் புதிதன்று. மேனாட்டார் அதை விளையாட்டாகக் கொண்டனர். நம்மவர்க்கு அது பிழைப்பாக இருந்தது. உயர்ந்த பாறையின் முகத்தில் பெருந்தேனீக்கள் கட்டிய இறாலை எடுக்கக் குறவர் ஏறினர். ஏறுவதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவிக்கு ‘மால்பு’ என்று பெயர். சங்க நூல்களில் இச்சொல் பயில்கிறது. மலைபடுகடாத்தில் குறவர் மால்பையே வழியாகக் கொண்டு தேன் கொள்வதைக் காணலாம். உரையாசிரியர் இதற்குக் ‘கண்ணேணி’ என்று பொருள் கூறுவர். இரு நெடுங்கம்பும் குறுக்குப் படிகளும் உடைய ஏணியன்று இது. ஒற்றை மூங்கிலின் கணுக்களில் கிளைத்த முளைகளைச் சற்றே நீளவிட்டுத் தறித்து, அவற்றையே கால் வைக்கும் படியாகக் கொள்வது. கண் என்பது கணு. ஆணியோ கயிறோ வேண்டாத எளிய கருவி.

எளிய கருவியாயினும் நம்பத்தக்கதா என்பது வேறு கேள்வி. குறுந்தொகையின் 273-ஆம் பாட்டில், நாள்பட்ட மால்பில் அதன் நிலைமை அறியாமல் ஏறிய அறிவிலி ஒருவன் உவமையாக வருகிறான். பழைய மூங்கில் முறிந்து போகும் என்பது அக்காலத்துக் கேட்போர் அனைவர்க்கும் தெரிந்திருந்ததனால்தான் அந்த உவமை பொருந்துகிறது. ஏறுகருவியைச் சோதித்த பிறகே ஏற வேண்டும் என்று இன்றைய மலையேற்றப் பள்ளிகளில் முதல்நாள் கற்பிக்கும் பாடம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அகப்பாட்டில் இடம்பெற்றிருக்கிறது.

பரணர் பாடிய 60-ஆம் பாட்டை ஆசிரியப் பெருமக்கள் பலமுறை கற்பித்திருப்பீர்கள். நெடிய மலையிலுள்ள பெருந்தேனைக் கீழிருந்து கண்ட முடவன் ஒருவன், உள்ளங்கையைக் குவித்துக் காட்டி வெறுங்கையை நக்கி இன்புறுவான். கைகூடாத காதலுக்கு அதனைவிடச் சிறந்த உவமை இல்லை என்றே நானும் வகுப்பில் சொல்லி வந்தேன். ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அவர் தேனெடுக்கப் போய் விழுந்தவரா?” என்று கேட்டுவிட்டாள். பாட்டில் அதற்கு விடையில்லை. பிறவி முடவனாகவும் இருக்கலாம். ஆனால் அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. தேன் எடுப்பவர் விழுவதும், விழுந்தவர் பின்னர் ஏறாமல் கீழேயே அமர்ந்திருப்பதும் மலைவாழ்வில் அரிய செய்தியாக இருந்திருக்க முடியாது. ஏறுவதற்கு மால்பு தந்த மொழி, விழுந்தவனை மீண்டும் ஏறச் செய்யும் கருவி எதற்கும் பெயர் தரவில்லை. அப்படி ஒரு கருவி இருந்திருந்தாலல்லவா பெயர் இருக்கும்!

நீலகிரியில் குறும்பர் இன்றும் பாறைத்தேன் எடுக்கின்றனர். காட்டுக் கொடிகளை முறுக்கி ஏணியாகப் பின்னி, பாறையின் தலைப்பில் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, புகைமூட்டிக்கொண்டு இறங்குவர். மேலே ஏணியைக் காத்து நிற்பவன் ஏறுபவனின் மனைவியோடு உடன்பிறந்தவனாக இருப்பது வழக்கம் என்பர்; தன் தமக்கையோ தங்கையோ தாலி இழப்பதை எவன் விரும்புவான்? உறவுமுறையையே பாதுகாப்புக் கருவியாக்கிய இந்த மதிநுட்பம் வியக்கத்தக்கது. ஆனால் இங்கும் பயிற்சிக்கென்று தனிக் கருவி இல்லை. தந்தையோடு சென்ற சிறுவன் பார்த்துப் பார்த்தே கற்றான். தொழிலே பயிற்சியாக அமைந்தது.

பனையேறிகளின் செய்தியும் இத்தகையதே. காலில் தளைநார், மார்பில் உராய்வைத் தாங்கத் தோல், இடையில் அரிவாள்பெட்டி. மலாயாத் தோட்டங்களிலும் தென்னங்கள் இறக்கியோர் இவ்வகைக் கருவிகளோடுதாம் ஏறினர். அவர்களுடைய மார்பிலும் உள்ளங்காலிலும் தடித்த காய்ப்பு இருக்கும். அக்காய்ப்புத்தான் அவர்கள் பெற்ற பயிற்சிக்குச் சான்று. அதுவே அவர்கள் அணிந்த கவசமும்.

மேனாட்டில் நிகழ்ந்தது வேறு. ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் ஏறுவதைச் செல்வர்கள் பொழுதுபோக்காகக் கொண்டு, 1857-ஆம் ஆண்டில் இலண்டனில் ஆல்பைன் கழகத்தை நிறுவினர். 1886-ஆம் ஆண்டில் ஹாஸ்கெட் சுமித் என்பவர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள ‘நேப்ஸ் ஊசி’ என்னும் கூர்ம்பாறையில் துணையின்றி ஏறினார். சிகரத்தை அடைவதற்காக அன்றி, பாறையில் ஏறும் இன்பத்துக்காகவே ஏறுவது அதன்பின் பிரிட்டனில் ஒரு தனி விளையாட்டாகப் பெயர் பெற்றது. அக்காலத்தவர் காலில் அணிந்தவை ஆணி அறைந்த தோற்காலணிகள். உடற்பயிற்சி செய்து வலிமை கூட்டிக்கொண்டு பாறைக்கு வருவது பெருந்தன்மைக்கு ஒவ்வாதது என்ற எண்ணமும் நெடுநாள் இருந்தது.

இவ்விடத்தில்தான் நம் பால்மரம் கதைக்குள் நுழைகிறது. 1935-ஆம் ஆண்டில் இத்தாலியின் வட எல்லையிலுள்ள ராசிகா சிகரத்தில் கடும்பனிப் புயலில் சிக்கி மலையேறிகள் அறுவர் மாண்டனர். பாறைக்கென்று அணிந்த மெல்லிய காலணி பனிக்கட்டியில் பயன்படாமற்போனதும் அத்துயரத்துக்கு ஒரு காரணமாயிற்று. அவர்களுடைய தோழரான மிலான் நகரத்து விட்டாலே பிராமானி இதை மறக்கவில்லை. பாறைக்கும் பனிக்கும் பொதுவாக, ஆழ்ந்த வெட்டுப்பற்கள் உடைய ரப்பர் அடித்தோலை வடிவமைத்து 1937-ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். பிரெல்லி நிறுவனம் அவருக்குப் பொருளுதவி செய்தது. அவருடைய பெயரின் முன்னெழுத்துகளைச் சேர்த்து உண்டான ‘விப்ரம்’ என்னும் பெயரை இன்றும் காலணிகளின் அடியில் காணலாம். ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள பாந்தேன்புளோ காட்டுப் பாறைகளில் ஏறிப் பழகிய பியேர் அலேன் என்பவர், வழவழப்பான மெல்லிய ரப்பர் அடியுள்ள இறுக்கமான செருப்பை ஆக்கினார். இன்றைய பாறையேறு செருப்புகளுக்கெல்லாம் அதுவே மூதாதை.

அந்த ஆண்டுகளில் இயற்கை ரப்பர் விளைவில் உலகிலேயே முதலிடம் வகித்தது மலாயா. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளில் தொடங்கியது அப்பெருக்கம். எந்த நாட்டு ரப்பர் எந்த மலையேறியின் காலுக்குச் சென்றது என்று கணக்குப் பார்க்க எவராலும் இயலாது; பார்க்கவும் வேண்டியதில்லை. இன்றைய ஏறுசெருப்பில் செயற்கை ரப்பரின் பங்கு பெரிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆணி அறைந்த தோலிலிருந்து மலையேறியின் கால் விடுதலை பெற்ற காலத்தில், அந்த விடுதலைக்குரிய பொருளை விடியுமுன் எழுந்து வெட்டி எடுத்தவர்களுள் நம்மவரே மிகுதி.

இனிப் பயிற்சிக் கருவிகளைப் பார்ப்போம். 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளார்க் சூர்மன் என்னும் சாரணத் தலைவரின் திட்டப்படி ஏறிப் பழகுவதற்கென்றே செயற்கைப் பாறை ஒன்று கட்டப்பட்டது. 1964-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி விரிவுரையாளராயிருந்த டான் ராபின்சன், நடைவழிச் சுவரில் கற்களைப் பதித்து ஏறுசுவர் அமைத்தார். மழை நாளிலும் பழகலாம் என்பதே நோக்கம். இன்று எம் மருகன் ஏறும் சுவர் அந்த நடைவழியின் வழித்தோன்றல்.

அமெரிக்கராகிய ஜான் கில் ஒரு கணிதப் பேராசிரியர். இளமையில் கம்பத்திலும் வளையத்திலும் உடற்பயிற்சி செய்தவர். அப்பயிற்சியாளர் கைவியர்வைக்குப் பூசும் மக்னீசியம் கார்பனேட்டுப் பொடியை 1950-களில் பாறைக்குக் கொண்டுவந்தவர் இவரே. மருகனின் பையிலிருந்த வெண்பொடி அதுதான். ஒரு விரலால் உடலை மேலே இழுக்கும் ஆற்றலை அவர் பெற்றிருந்தார். பயிற்சி செய்து வருவது பெருந்தன்மைக்கு இழுக்கு என்ற பழைய எண்ணம் அவரோடு போயிற்று எனலாம்.

அவருக்குப் பின் வந்தோர் கருவிகளைப் பெருக்கினர். கலிபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் ஜான் பாக்கர் என்பவர் கயிற்றேணி ஒன்றைச் சாய்வாகக் கட்டித் தொங்கவிட்டு, அதன் அடிப்புறமாகக் கைகளால் மட்டும் ஏறி இறங்கிப் பழகினார். பலரும் அதைப் பின்பற்றினர். பலருக்கும் முழங்கை நோய் வந்தது. 1988-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ‘கேம்பஸ்’ என்னும் உடற்பயிற்சிக் கூடத்தில் வோல்ப்காங் கூலிச் என்பவர் சாய்ந்த பலகையில் மெல்லிய மரச்சட்டங்களை ஏணிப்படிபோல் அறைந்தார். அதில் காலுக்கு வேலையில்லை. விரல் நுனிகளால் தொற்றி ஒரு சட்டத்திலிருந்து மேற்சட்டத்துக்குத் தாவ வேண்டும். ஒரு விரலோ இரு விரலோ மட்டுமே நுழையும் குழிகளுள்ள ‘ஆக்சன் டைரெக்ட்’ என்னும் பாறைவழியில் 1991-ஆம் ஆண்டில் அவர் ஏறி முடித்ததற்கு அப்பலகையே துணை செய்தது. அடுத்த ஆண்டில் அவர் சாலை விபத்தில் இறந்தார். பலகையோ உலகமெங்கும் பரவிவிட்டது.

இந்த இடத்தில் கண்ணேணியை நினைத்துக்கொண்டேன். குறவனுக்கு ஏணி என்பது பாறையைக் கடந்து தேனை அடைவதற்கான வழி. பாக்கருக்கும் கூலிச்சுக்கும் ஏணி எங்கும் கொண்டு செல்லாது. அதன் முடிவில் தேனும் இல்லை, சிகரமும் இல்லை. கையை வருத்துவதற்கென்றே அமைந்த ஏணி அது. வருந்திய கை வலிமை பெறும் என்பது உண்மை. எவ்வளவு வருத்தலாம், எவ்வளவு நாள் பொறுத்து மீண்டும் வருத்தலாம் என்பதை அக்கருவி சொல்லவில்லை.

இதற்கிடையே நம் கர்லாக்கட்டையின் பயணத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சிலம்பக் கூடங்களில் தோளுக்கு உரமேற்றச் சுழற்றும் அக்கட்டையை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயப் படையினர் 19-ஆம் நூற்றாண்டில் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1904-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் 1932-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் அது போட்டியாகவே இடம்பெற்றது. இப்போது தோள் நலியாதிருக்கச் சில பாறையேறிகளும் அதைச் சுழற்றுகின்றனர். நம் தோட்டத்துச் சிலம்ப ஆசான்கள் புதியவனுக்குப் பெரிய கட்டையைக் கொடுப்பதில்லை. சிறியதில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் எடை கூட்டுவர். கருவியோடு அளவும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டது. மேனாட்டு ஏணிப்பலகைக்கு அப்படி ஓர் ஆசான் தொடக்கத்தில் வாய்க்கவில்லை என்பது என் கருத்து.

விளைவு விரலில் தெரிந்தது. விரலை மடக்குகின்ற தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் தசைநாண் விரலின் அடிப்பக்கமாக ஓடி நுனியெலும்பில் முடிகிறது. தூண்டிற்கோலில் நரம்பு விலகாதபடி சிறு வளையங்கள் பிடித்திருப்பதுபோல, இத்தசைநாண் எலும்பை விட்டு எழும்பாதபடி ஐந்து வளையங்கள் அதைத் தழுவி நிற்கின்றன. நாண்வளையம் என்று இவற்றுக்குப் பெயரிட்டுக்கொள்வோம். மெல்லிய விளிம்பைப் பற்ற விரலின் இடைமூட்டைக் கூராக மடக்கும்போது, அடியெலும்பின் மேலுள்ள இரண்டாம் வளையம் பேரளவு சுமையைத் தாங்குகிறது. சுமை மிகுந்தால் ‘பட்’டென்ற ஓசையோடு அது அறும். சுவரில் உடன் ஏறுபவர் காதிலும் அவ்வோசை விழுவதுண்டு. பாறையேறிகளின் இக்காயத்தை 1980-களின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டிஷ் மருத்துவ ஏடுகள் விரித்துப் பேசத் தொடங்கின. ஏணிப்பலகை தோன்றியதும் அதே காலம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேற்றும் கருவிகள் அதன் பின்னரே ஒவ்வொன்றாக வந்தன. முதலில் ஒட்டுத்துணியை விரலைச் சுற்றி இறுகச் சுற்றினர். அதனால் வளையத்துக்கு வரும் சுமை பெரிதாகக் குறையவில்லை என்று பின்னர் அறியப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சோப்ல் குழுவினர், துணியின் இரு முனைகளையும் நெடுக்கே கிழித்து மூட்டின் மேலும் கீழுமாகச் சுற்றும் முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். சுற்றும் முன் விரித்துப் பார்த்தால் அத்துணி ஆங்கில எட்டாம் எழுத்தின் வடிவில் இருக்கும். வளையம் அறுந்தவர்க்குச் சூட்டில் இளகும் நெகிழியைத் தசைநாணை அழுத்திப் பிடிக்கும்படி மோதிரமாக வார்த்து அணிவித்தனர். சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இவ்வகைக் காப்பை அணிவித்து அறுவை இன்றியே தேற்றிய 47 நேர்வுகளை 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர். முன்னாளில் கத்திக்கு வேலை வைத்திருக்கக்கூடிய காயத்துக்கு ஒரு மோதிரம் போதுமென்றாயிற்று.

இவை தவிர, மடக்கியே பழகிய விரல்களை எதிர்த்திசையில் விரிக்க ரப்பர் வளையம்; முழங்கை நோய்க்கு இரு கையாலும் பிடித்து முறுக்கி மெல்லத் தளர்த்தும் ரப்பர்த் தண்டு; தோளுக்கு ரப்பர்ப்பால் பட்டை; உள்ளங்கைக்குப் பசைக்கட்டி. வாளி நிறைய அரிசியை நிரப்பி அதற்குள் கையை விட்டு விரித்து மடக்குவதும் ஒரு முறை. இதைக் கேட்டதும் என் தாயார், “அரிசியில கை விட்டு அளையுறதுக்கு ஒரு படிப்பா?” என்று சிரித்தார். தேற்றும் கருவிகளுள் பெரும்பாலானவை ரப்பரால் ஆனவை என்பதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலுக்கு அடித்தோலாகச் சென்ற பொருள் இப்போது கைக்கு மருந்தாகத் திரும்பி வந்திருக்கிறது.

நம் நாட்டிலும் பாறையேற்றம் வேரூன்றிவிட்டது. பத்து மலையின் சுண்ணப்பாறைகளில் ஞாயிறுதோறும் இளைஞர் தொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். 1997-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் எவரெஸ்டு உச்சியை முதன்முதலாக அடைந்த மலேசியர்களாகிய மகேந்திரனும் மோகனதாசும் நம் இனத்தவர். தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ஆம் ஆண்டில், சுவரேற்றம் முதன்முறையாகப் போட்டியாயிற்று. ஆகவே நம் பள்ளிப் பிள்ளைகள் இனி மேலும் மேலும் ஏறத்தான் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லுவதற்கில்லை, சொல்லவும் மாட்டேன்.

மருகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நிழற்படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இது நாண்வளையம் அறுந்ததன்று என்றார். வளரும் பிள்ளைகளின் விரலெலும்பில் முனைக்கருகே எலும்பாக மாறாத மென்தட்டு ஒன்றுண்டு. எலும்பு நீள்வது அதிலிருந்துதான். ஓயாத சுமையால் அத்தட்டில் விரிசல் கண்டிருந்தது. உற்றுப் பாராமல் மேலும் ஏறினால் விரல் கோணிப்போகவும் மூட்டு விறைத்துப்போகவும் கூடும். பதின்மூன்று முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்க்கே, அதுவும் நடுவிரலிலேயே, இது பெரும்பாலும் வருகிறது. இதனாற்றான் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கால் ஊன்றாமல் ஏணிப்பலகையில் தாவுதல் ஆகாது என்று மேனாட்டு மருத்துவர்களும் மலையேற்ற அமைப்புகளும் எச்சரிக்கின்றனர். எம் பிள்ளையோ நாள்தோறும் ஒரு மணி நேரம் தாவியிருக்கிறான். “வளையம் போட்டால்...?” என்று தொடங்கினான். வளையமும் வேண்டாம், பசைக்கட்டியும் வேண்டாம், மூன்று திங்கள் விரலைச் சும்மா வைத்திரு என்றார் மருத்துவர்.

வீடு திரும்பியதும் செய்தியைத் தாயாரிடம் சொன்னேன். யோங் பெங்கை அடுத்த தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்வெட்டியவர் அவர். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பிஞ்சு மரத்துல உளி வைப்பாங்களா? இருபது அங்குலம் சுத்து வரட்டும்னு ஆறு வருசம் காத்துக் கெடப்போம். இவன் வெரலுக்குச் சுத்து வந்துடுச்சான்னு யாரு பாத்தா?” என்றார்.

பால்மரம் வெட்டுதலைப் பற்றி அறியாத இளைய ஆசிரியர்களுக்காக இதை விளக்க வேண்டும். பால் இருப்பது பட்டையில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, மரம் பருப்பதற்குக் காரணமான மிக மெல்லிய பசும்படலம் ஒன்றிருக்கிறது. உளி அப்படலத்தைத் தொடாமல், அதற்கு ஓர் இழை வெளியே நின்றுவிட வேண்டும். நின்றால் வெட்டிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். தொட்டுவிட்டால் அவ்விடம் புண்ணாகி, முடிச்சு முடிச்சாகத் தடித்து, மறுமுறை உளிக்கு இணங்காது. 1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து கண்ட பிறகே ரப்பர்த் தொழில் நிலைபெற்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது பின்னர் பரவிய வழக்கம். மரம் இளைப்பாற வேண்டுமல்லவா! மரத்தில் காயம் பட்டால் கங்காணி காணும் முன் மண் பூசி மறைத்தவர்களையும், கண்டபின் கூலியில் பிடித்தம் பெற்றவர்களையும் என் தாயார் பெயர் சொல்லிக் கூறுவார்.

மரத்துக்கு இத்தனை முறை வகுத்திருந்தார்கள். வெட்டிய கைக்கு ஒன்றும் வகுக்கவில்லை. மரம் ஓய்ந்த நாளிலும் அவர் ஓய்ந்ததில்லை. அன்று வேறு நிறையில் வேறு மரம் காத்திருந்தது. இருட்டில் தலைவிளக்கோடு நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே அசைவாக உளியை இழுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் காண்டாக் கம்பில் வாளிகளைச் சுமந்தார். 1952-ஆம் ஆண்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சொக்சோ பிறந்தது. 2014-ஆம் ஆண்டில் அதே அமைப்பு மலாக்காவில் மறுவாழ்வு மருத்துவ மையமொன்றையே திறந்தது. அங்கே நவீனக் கருவிகளால் தொழிலாளரின் கைகால்களைத் தேற்றுகின்றனர். இவையெல்லாம் போற்றத்தக்கவை. விபத்தில் விரல் போயிருந்தால் என் தாயாரும் இழப்பீடு கேட்டிருப்பார். நாற்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாக மடங்கி நிமிராமற்போன இரு விரல்களுக்காக அவர் எதையும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவரிடம் சொன்னாரும் இலர்.

விடுமுறை முடிந்து மருகன் புறப்பட்டபோது பலகையை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். அதற்குத் ‘தொங்குபலகை’ என்றும், ரப்பர் வளையத்துக்கு ‘விரிவளையம்’ என்றும், கூலிச்சின் பலகைக்கு ‘ஏணிப்பலகை’ என்றும் பெயர் எழுதிக் கொடுத்தேன். இவற்றினும் நல்ல பெயர்கள் ஆசிரியர்கள் எவர்க்கேனும் தோன்றினால் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை. பசைக்கட்டிக்கு மட்டும் எனக்கு ஏதும் சரியாக அமையவில்லை. அவன் அதை மறந்து மேசைமேலேயே விட்டுச் சென்றிருந்தான்.

மறுநாள் காலைப் பசியாறிய பிறகு வானொலி கேட்டுக்கொண்டே என் தாயார் அதைக் கையிலெடுத்துப் பிசையத் தொடங்கினார். இப்போது நாள்தோறும் பிசைகிறார். மடங்கிய விரல்களுள் ஒன்று சிறிது இளகியிருப்பதாகச் சொல்லுகிறார். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். உருட்டி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, “ஒட்டுப்பால்” என்றார்.